பங்கிட்ட மருந்து

செவிலி கையில் எடுத்தபோது மாத்திரை அட்டை காலியாக இருந்தது. காலையில் அவளே ஒரு மாத்திரையைக் கரைத்துக் குழந்தைக்குப் புகட்டியிருந்தாள். மீதியைத் தாயிடம் ஒப்படைத்து, வேளைக்கு ஒன்றாகக் கொடுக்கும்படி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இப்போது காட்டு இலைக்குடிசைக்குள் சளி கட்டிய அந்தச் சிறு நெஞ்சு உலைத்துருத்தி போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அத்தனையையும் ஒரே நேரத்தில் விழுங்கவைத்துவிட்டாளோ என்று எண்ணிய செவிலி தாயின் பக்கம் திரும்பினாள்.

“மாத்திரையெல்லாம் எங்கடி?”

“பங்கு வெச்சுட்டேன்க்கா,” என்றாள் தாய், சற்றுப் பெருமையோடு. “எல்லாருக்கும் வந்துச்சு. எனக்குத்தான் பத்தல.”

வெளியே அம்பு சீவிக்கொண்டிருந்த கொழுந்தன் நாக்கை நீட்டிக் காட்டினான். “அப்பப்பா, என்ன கசப்பு! உன் புள்ள ஒருத்தனே தின்னிருந்தா தாங்குவானா அண்ணி? அடுத்த தடவ இந்த அக்காவை நல்லாக் கொழுத்த மாத்திரையா பார்த்து வேட்டையாடிட்டு வரச் சொல்லு!”

குடிசைக்குக் குடிசை சிரிப்பு பரவியது.

“அது கறி இல்லடா! அவனுக்கு மட்டும்தான்!” என்று செவிலி வெளியே வந்து கத்தினாள்.

சிரிப்பு அறுந்தது. சொல்லத் தகாததைச் சபையில் சொல்லிவிட்டவளைப் போல அவளைப் பார்க்கக் கூசி, ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டனர். முன்பொருமுறை, பங்கிடாமல் ஒரு தேனடையை ஒளித்தவனை இந்த வேட்டை மக்கள் ஏசவுமில்லை, அடிக்கவுமில்லை. அவன் உறங்கி எழுவதற்குள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு வேறிடம் பெயர்ந்துவிட்டார்கள். அந்தக் கதையைக் கேட்டு ஒருகாலத்தில் அவளுக்குப் புல்லரித்திருக்கிறது. அதே வழக்கம் இன்று ஒரு குழந்தையின் குரல்வளையில் கால் வைத்து நின்றது.

ஆறு கரைபுரண்டு ஓடியது. மருந்து கொண்டுவரும் நகரத்துப் படகு இப்போதைக்கு வராது. தனக்கென்று செவிலி வைத்திருந்த அட்டை ஒன்று, தாயோடு அவள் தங்கியிருந்த அதே குடிசையில் அவளுடைய துணிகளுக்கு அடியில் கிடந்தது. குடிசைக்குள் புகுந்து அதை எடுத்தாள். நிமிர்ந்தபோது தாய் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒளிச்சா வெச்சிருந்த?”

குழந்தையின் மூச்சிரைப்புக்குக்கூட அவள் முகம் இப்படி வெளிறியதில்லை.

“தெரிஞ்சா எங்களை விட்டுட்டுப் போயிடுவாங்கக்கா. ஆளில்லாத காட்டுல இவன் பொழச்சுத்தான் என்ன?”

இத்தனை காலம் வழக்கம் என்றே செவிலி பெயரிட்டிருந்தது, இவர்களுக்கு உயிர்மூச்சு. மாத்திரையைப் பிதுக்கிய விரல்கள் அப்படியே நின்றன.

வாசலில் காலடி ஓசை கேட்டது. “அக்காவுக்குப் பசி போல, அதான் கோவம்,” என்ற கொழுந்தனின் குரலோடு சுட்ட கறியின் மணமும் வந்தது. “இந்தா அண்ணி, அவங்க பங்கு.”

தாய் சட்டென்று எழுந்து, தன் உடம்பாலேயே வாசலை அடைத்து நின்றாள்.

“உள்ள வராத. புள்ள தூங்குறான்.”

குழந்தை விழித்துத்தான் கிடந்தது. தாய் ஒரு கையால் கறியை வாங்கினாள். முதுகுக்குப் பின்னால் அவளுடைய மற்றொரு கை மாத்திரைக்காகச் செவிலியை நோக்கி மெல்ல விரிந்தது.