தாரா என்றால் வாத்து

அலுவலகத்தில் அவனுக்கு முட்டுக்கட்டை என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவன் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்று, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுத்துவிடுகிறது என்றால் அவனுக்குப் புரியாதா என்ன? சோப்போ, இருமல் மருந்தோ, மோட்டார் வண்டியோ, எது கடைக்கு வருவதானாலும் அதன் பெயர் முதலில் அவன் மேஜைக்கு வரவேண்டும். வேறு ஏதாவது மொழியில் அந்தப் பெயருக்கு விவகாரமான அர்த்தம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் அவன் பதில்.

அகராதியை அவன் முழுசாக நம்ப மாட்டான். அகராதி ஒரு சொல்லைக் குளிப்பாட்டி, தலைசீவி, நாற்காலியில் உட்கார வைத்திருக்கும். தெருவில் அது என்ன கூத்தடிக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் மொழிக்கு ஓர் ஆளைத் தொலைபேசியில் பிடித்து வைத்திருந்தான். ஒருவர் தையல்காரர், ஒருவர் கப்பலில் சமையல், ஒருத்தி பள்ளிக்கூட ஆசிரியை. பெயரை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் யதார்த்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். யார் சிரித்தார்கள், எப்படிச் சிரித்தார்கள் என்று மறுநாள் சொல்ல வேண்டும். இதற்குச் சிரிப்புச் சோதனை என்று பெயர். ஒரு வீட்டில் ஒருவர் சிரித்தால் போதும், பெயர் அவுட்.

சம்பளத்துக்குச் செய்கிறவரை இதில் ஒரு தப்பும் இல்லை. வம்பு எங்கே வந்தது என்றால், அவன் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்து, தவழ்ந்து, இப்போது தத்தித் தத்தி நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. அதற்கு இன்னும் பெயர் வைத்தபாடில்லை.

மனைவி சொன்ன பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டான். ஒன்று எங்கோ ஒரு மொழியில் வயிற்றுப்போக்கு. இன்னொன்று கெட்ட வார்த்தைக்கு ஒன்றுவிட்ட தங்கை. பதிவு அலுவலகத்தில் பெயர் சேர்க்கத் திங்கட்கிழமை கடைசி நாள். தாய் தகப்பன் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் மனு, விசாரணை என்று நாயாய் அலைய வேண்டியதுதான். வியாழக்கிழமை காலை அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே கடைசியாக ஒரு பெயரைச் சொன்னாள். தாரா.

சாயந்திரம் அவள் வீடு திரும்பியபோது அவன் கூடத்துக்கும் சமையலறைக்கும் குட்டிபோட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தான்.

"வாத்து," என்றான்.

"எங்க?"

"தாரான்னா வாத்து. வெளிநாட்டுக்கெல்லாம் போகவே வேண்டாம், நம்ம மொழியிலயே பழைய சொல்லு."

"உங்களைத் தவிர அது யாருக்குத் தெரியும்? வடமொழியில நட்சத்திரம். கண்ணுக்குள்ள இருக்கிற கருமணிக்கும் அதான் பேரு. நான் நாள் பூரா பார்க்கிறதே அதைத்தானே?" அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள்.

"ஜப்பான்ல அது ஒரு மீனு."

"இருக்கட்டுமே. மீனுக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல்னு நீயே சொல்லிட்ட. ஸ்பானிஷ்ல தாரான்னா குறை, பழுது. இத்தாலியில காலி டப்பாவோட எடை. சாமானை நிறுத்துட்டு டப்பா எடையைக் கழிப்பாங்கல்ல, அது. அரபியிலேர்ந்து போன சொல்லு. அங்க அதுக்கு மூலம் என்ன தெரியுமா? தூக்கிப் போடறது. எம் பொண்ணைப் பார்த்து ஒருத்தன் அப்படி நினைக்கணுமா?"

"எந்த ஒருத்தன்?"

அந்த ஒருத்தனை அவன் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டான். அவனுக்கு எட்டு வயதில் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலானது. புதுப் பள்ளியில் ஆசிரியர் அவன் பெயரைப் படித்ததும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த ஊர் மொழியில் அவன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அன்று மாலையே சுவரில் படம் போட்டுக் காட்டினார்கள். பள்ளி முடிகிற வரைக்கும் அந்தப் படம் அவனை விடவில்லை. அந்தச் சிரிப்பு தன் மகள் காதில் விழக்கூடாது. வேறு ஒன்றும் இல்லை, பயம். வெறும் பயம்.

"என்கிட்ட வர்றவங்களை ரெண்டு கண்ணாடி மாத்திப் போட்டு எது தெளிவுன்னு கேட்டா டக்குனு சொல்லிடறாங்க," என்றாள் அவள். "உங்களுக்கு மட்டும் எந்தக் கண்ணாடி போட்டாலும் மங்கலாத்தான் தெரியுது. திங்கட்கிழமை லீவு சொல்லியிருக்கேன். யோசிச்சு வைங்க."

அவன் யோசிக்கவில்லை. தொலைபேசியை எடுத்தான். வெள்ளிக்கிழமை கப்பல் சமையல்காரரிடமிருந்து பதில் வந்தது: அவர்கள் பக்கம் தாரா என்றால் 'வா, போகலாம்'. மோசமில்லை என்று மூச்சு விடுவதற்குள், இங்கிலாந்தின் வடபகுதியில் போய் வருகிறேன் என்பதற்கும் அதையேதான் சொல்வார்கள் என்று ஆசிரியை சொல்லிவிட்டாள். வா என்பதா, போ என்பதா? சனிக்கிழமை முழுக்க அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சவரம் பாதியில் நின்றது. இன்னும் துருக்கிக்காரத் தையல்காரர் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குச் செருப்பு வாங்க ஒரு பெரிய கடைக்குப் போனார்கள். மனைவி மாடியில் ஒரு சட்டையை மாற்றப் போனாள். "கையை விட்டுடாதீங்க, இவ இப்போ ஓட்டம் பிடிக்கிறா," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சிவப்புச் செருப்பை மாட்டி, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றபோது தொலைபேசி அடித்தது. தையல்காரர்.

தாரா என்றால் தலையை வாரு என்று அர்த்தமாம். அவர் சாப்பாட்டு மேஜையில் சொன்னதும் பேத்தி ஓடிப்போய்ச் சீப்பை எடுத்து வந்துவிட்டாளாம்.

"யாராவது சிரிச்சாங்களா?" என்றான் அவன்.

எல்லோரும்தான் சிரித்தார்கள் என்றார் தையல்காரர். எப்படிச் சிரித்தார்கள்? கேலியாகவா, செல்லமாகவா? கடை இரைச்சலில் பதில் காதில் விழவில்லை. தொலைபேசியை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினான். மாற்றுவதற்கு இன்னொரு கை வேண்டியிருந்தது.

குனிந்து பார்த்தபோது குழந்தை இல்லை.

"குட்டி!" என்றான். அடுத்த வரிசைக்கு ஓடினான். "பாப்பா! ஏ பாப்பா!" மூன்று குழந்தைகள் திரும்பிப் பார்த்தன. மூன்றின் அம்மாக்களும் அவனை முறைத்தார்கள். "செல்லம்!" என்று கத்தியதற்கு யாரோ சிரித்தார்கள். தெருவைப் பார்த்த கண்ணாடிக் கதவு ஆட்கள் வரவரத் தானாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. வெளியே பேருந்துகள். எப்படியோ ஒலிபெருக்கி வைத்திருந்த பெண்ணிடம் போய் நின்றான்.

"பதறாதீங்க சார். குழந்தை பேரு?"

"பாப்பா."

"அது எல்லாப் பாப்பாவும்தான் சார். பேரு சொல்லுங்க."

அவன் கதவைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பாதி மழித்த தாடி, கையில் தொலைபேசி. பிறகு பக்கத்தில் நின்ற காவல்காரரைப் பார்த்தாள். காவல்காரர் ஓர் அடி நெருங்கி வந்தார்.

"உங்க பிள்ளைதானா சார்?" என்றார் அவர். மரியாதையாகத்தான் கேட்டார்.

"தாரா," என்றான். "தாரான்னு சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்கம்மா."

சொல்லிவிட்டானே ஒழிய நம்பிக்கை இல்லை. கேட்டுப் பழகாத பெயருக்கு ஒரு குழந்தை எப்படி வரும்? கடையில் இருக்கிறவர்களாவது தேடட்டும் என்றுதான் சொன்னான். அந்தப் பெண்ணின் குரல் கூரையெங்கும் ஒலித்தது. தாரா, தாராக்குட்டி, அப்பா இங்க இருக்காங்க, வாங்க. வாத்தும் மீனும் காலி டப்பாவும் அவனுக்கு அப்போது நினைவில் இல்லை. கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மழைக்கோட்டுகள் தொங்கிய வரிசைக்கு அடியிலிருந்து ஒரு சிவப்புச் செருப்பு வெளியே வந்தது. பிறகு வாயில் ஒரு காலுறையைக் கவ்விக்கொண்டு குழந்தை முழுசாக வந்தது. அண்ணாந்து கூரையைப் பார்த்து, காலுறையைத் துப்பிவிட்டு, "ஆ?" என்றது.

"பேரைச் சொன்னதும் எப்படி வருது பாருங்க," என்றார் காவல்காரர். அவர் முகம் தெளிந்துவிட்டது.

அவன் தரையில் உட்கார்ந்து குழந்தையை இறுக்கிக்கொண்டு அழுதான். வெட்கப்படக்கூட நேரமில்லை. அழுது முடிக்கும்போதுதான் உறைத்தது. இவளுக்கு இந்தப் பெயர் எப்படித் தெரியும்?

மனைவி மாடிப்படியில் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கி வந்து சேர்ந்தாள். முதலில் குழந்தையைப் பிடுங்கிக் கை கால் தலையெல்லாம் தடவிப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"எப்போலேர்ந்து?" என்றான்.

அவள் மழுப்பவில்லை. "உட்கார ஆரம்பிச்சதுலேர்ந்து."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"கீழ்வீட்டு அக்காவுக்கு. எங்க கடையில எல்லாருக்கும். உங்க அம்மாவும் போன்ல அப்படித்தான் கொஞ்சுவாங்க, நீங்க இல்லாதப்போ."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீங்க உடனே யாருக்காவது போன் போடுவீங்க."

அவனுக்குக் கோபம் வரவேண்டும். வந்தது ஒருவித அவமானம். அதற்கும் அடியில் சின்னதாக ஒரு நிம்மதி. ஊர் பேர் தெரியாத வீடுகளில் எல்லாம் அந்தச் சொல்லைச் சொல்ல வைத்துக் காது கொடுத்தவன், தன் வீட்டில் மாதக்கணக்காகப் புழங்கியதைக் கேட்காமல் இருந்திருக்கிறான்.

"நாளைக்கு வர்றேன். கையெழுத்துப் போடறேன்," என்றான். "மனசோடதான் சொல்றேன்."

அவள் தலையசைத்துவிட்டுக் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். அது புதுச் செருப்பை ரசித்துக்கொண்டே நாலைந்து எட்டு தள்ளிப் போனது.

அவன் மண்டியிட்டு, கையை நீட்டி, "தாரா," என்று கூப்பிட்டான்.

குழந்தை திரும்பவில்லை. குரல் கேட்காமல் இல்லை. இந்தக் குரலில் அந்தப் பெயர் இதுவரை வந்ததே இல்லை. கொஞ்சம் பொறுத்து அது தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அவள் உதவிக்கு வரவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, கண் கலங்க நின்றிருந்தாள்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டான்.