ஊருக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்ட்

கீழக்கரையில் பிரவுசிங் சென்டர் திறந்த புதிதில், ஈமெயில் ஐடி கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அதன் முதலாளி பாக்கரே உட்கார்ந்து உருவாக்கிக் கொடுத்தார். பாஸ்வேர்ட் என்று கேட்டதும் எல்லாரும் திருதிருவென்று விழித்தார்கள். நாளைக்கு மறந்துவிட்டால் தன் உயிரைத்தான் வாங்குவார்கள் என்று பயந்து, அத்தனை பேருக்கும் 786786 என்றே போட்டுவிட்டார் மனுஷர். இரண்டு வருஷத்தில் நூற்று நாற்பது ஐடி ஆகிவிட்டது. ஊருக்கெல்லாம் ஒரே சாவி.

இது யாருக்கும் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒருவரும் மாற்றவில்லை. மாற்ற வேண்டுமென்றால் பாக்கரிடம்தான் போய் நிற்க வேண்டும். நின்றால், அப்படி என்னத்தை ஒளித்து வைத்திருக்கிறார் என்று அன்றைக்கே பேச்சுக் கிளம்பிவிடும்.

யாரிடமும் கேட்காமல் தானே மாற்றத் தெரிந்தவள் ஜுனைதா ஒருத்திதான். மதுரையில் கணிதம் எம்.எஸ்ஸி. முடித்தவள். அங்கே அவளுக்குப் பிடித்த பாடம் ஆட்டக் கோட்பாடு: நான் இப்படிச் செய்தால் நீ எப்படிச் செய்வாய் என்று கணக்குப் போடும் சமாச்சாரம். உன் கடிதத்தை நான் படித்தால் என் கடிதத்தை நீ படிப்பாய், ஆகவே இரண்டு பேரும் சும்மா இருப்போம். பூட்டே இல்லாமல் ஊர் பத்திரமாக இருக்கிறதே என்று அவளுக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையில் தன் பாஸ்வேர்டையும் அப்படியே விட்டுவைத்திருந்தாள். படித்தவர்களுக்கு வரும் திமிர்தான், வேறென்ன.

அவளிடம் ஒளிக்க வேண்டியது நிறையவே இருந்தது. ஷார்ஜாவில் வேலை பார்க்கும் ஹமீது சுல்தானுக்கும் அவளுக்கும் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ். அதுவரை மாப்பிள்ளையும் பெண்ணும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது இரண்டு வீட்டிலும் கண்டிப்பு. இவர்களோ வாராவாரம் மூன்று பக்கம் எழுதிக்கொண்டிருந்தார்கள். வெளியே தெரிந்தால் சம்பந்தமே முறிந்துபோகும்.

ஒரு சனிக்கிழமை, பெண்களுக்கென்று ஒதுக்கிய பதினொரு மணிக்கு வந்து தன் ஈமெயில் பெட்டியைத் திறந்தாள். திறக்காத கடிதம் தடித்த எழுத்தில் நிற்கும். ஹமீதின் புதுக் கடிதமோ மெலிந்த எழுத்தில் இருந்தது. அவளுக்கு முன்பே யாரோ படித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் சென்டருக்கு வரும் பெண்களையெல்லாம் புள்ளிகளாக வைத்தாள். யார் யாரிடம் பேசுவார்களோ அவர்களுக்கு நடுவே கோடு இழுத்தாள். பாதிக் கோடுகள் மெஹருன்னிசா என்ற ஒரே புள்ளியில் வந்து முட்டின. அந்தப் புள்ளிக்குப் போன சேதி மூன்றே நாளில் ஊரைச் சுற்றிவிடும். ஜுனைதா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். ஊரில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. அப்படியானால் கடிதத்தைப் படித்தவர் வாயை மூடிக்கொள்ளக் காரணம் உள்ளவர். பாக்கரை விட்டால் மிச்சம் ஒரே ஆள்தான்: சொன்னால் தன் மகன் சம்பந்தமே முறியும் என்று பயப்படக்கூடிய ஹமீதின் உம்மா, உம்மு ஹபீபா.

உறுதி செய்துகொள்ள ஒரு பொறி வைத்தாள்; அவள் அனுப்பும் கடிதமும் அதே பெட்டியில்தான் கிடக்கும். ஹமீதுக்கு எழுதும்போது, "எனக்குத் தொதல் என்றால் உயிர், ஆனால் முந்திரி போட்டால் தொடமாட்டேன்" என்று சேர்த்தாள். தேங்காய்ப்பால் அல்வாவான தொதலை முந்திரி போடாமல் அந்த ஊரில் யார் கிண்டுவார்கள்? நான்காம் நாள் உம்மு ஹபீபா வீட்டிலிருந்து ஒரு டப்பா தொதல் வந்தது. கிளறிக் கிளறிப் பார்த்தாள், மருந்துக்குக்கூட ஒரு முந்திரி இல்லை.

அவள் படித்த கணக்கில் இது அடங்கவே இல்லை. எதிராளியின் ரகசியம் கைக்குக் கிடைத்தவர் அதை வைத்து மிரட்டுவார், இல்லையென்றால் தெரியாததுபோல் இருப்பார். இனிப்பு செய்து அனுப்புவாரா? அன்றைக்குப் பூராவும் யோசித்து, கடைசியில் தன்னை அந்த அம்மா இடத்தில் வைத்துப் பார்த்தாள். "உம்மாவுக்கு நாலு வரிக்கு மேல எழுத மாட்டேன், எழுதினா அழுவாங்க" என்று ஹமீது ஒருமுறை எழுதியிருந்தான். சோறு கருகியது, பல் பிடுங்கியது, மொட்டை மாடியில் படுத்து ஊரை நினைத்தது எல்லாம் ஜுனைதாவுக்கு வந்த மூன்று பக்கத்தில்தான் இருந்தன. நாலு வரி மட்டும் உள்ள பெட்டியை யார் திறந்தால்தான் அந்த அம்மாவுக்கு என்ன நஷ்டம்? இழக்க ஒன்றுமில்லாத ஒருத்தி ஊருக்குள் இருப்பாள் என்பதை ஜுனைதா கணக்கில் சேர்க்கவே இல்லை. பொறி வைத்ததை நினைத்து வெட்கப்பட்டாள். கொஞ்சம் அழவும் செய்தாள்.

அடுத்த சனிக்கிழமை சென்டருக்குப் போனபோது, முறைக்காகக் காத்து உம்மு ஹபீபா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜுனைதா பெட்டியைத் திறந்தாள். புதுக் கடிதம் தடித்த எழுத்தில் நின்றது. மவுஸ் வரை போன கையை எடுத்துக்கொண்டாள். பேசாமல் படித்துவிட்டுப் போனால் இரண்டு பேருக்கும் மரியாதை மிஞ்சும். வாயைத் திறந்தால் இரண்டு பேர் குட்டும் ஒன்றாக வெளிப்படும். நிக்காஹ் நடக்குமா நிற்குமா என்பது இந்த நிமிஷத்தில்தான் இருந்தது. எழுந்து போனாள்.

"மாமி, கடுதாசி வந்திருக்கு. நான் இன்னும் தொறக்கல. நீங்க வாங்க."

உம்மு ஹபீபா முகம் வெளிறிப்போனது. முந்தானையைத் திருகினார்.

"தப்புத்தான்மா. எம் பெட்டியில நாலு வரிதான் கெடக்கும். உம் பெட்டியிலதான் எம் புள்ள இருந்தான்."

ஜுனைதா அவர் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள்.

"நீயும் இங்கன உக்காரு. இந்த இங்கிலீசு எழுத்துத் தமிழு எனக்கு வெரசா ஓடாது. நீ வாசி."

ஒரு நாற்காலியில் இரண்டு பேரும் ஒண்டிக்கொண்டார்கள். ஜுனைதா தாழ்ந்த குரலில் வாசித்தாள். கறி வாங்கப் போய் வழி தவறிய கதைக்கு மாமி குலுங்கிச் சிரித்தார். மூன்றாம் பக்கத்தின் முடிவில் ஜுனைதா இரண்டு வரியைத் தாண்டிப் போனாள். மாமியின் விரல் திரையில் வந்து நின்றது.

"இத ஏன் விட்டே?"

"அது... ஒண்ணுமில்ல மாமி."

"போன வாரமும் இதையேதான் எழுதியிருந்தான். வெக்கப்படாம வாசி புள்ள."