வீடு பார்க்க வந்தவருக்குக் காலிஃப்ளவர்

காலிஃப்ளவரை மூடாமல் வேகவைத்தால் ஒரு வாடை வரும். ஈரச் சாக்கைக் காயவைக்காமல் சுருட்டி மூலையில் போட்ட மாதிரி. நாங்கள் குடியிருக்கும் வீட்டை விற்கப்போகிறார்கள், வாங்குகிறவர் குடும்பத்தோடு வந்து இறங்குவார், நாங்கள் காலி செய்ய வேண்டும் என்று தெரிந்ததும் எனக்கு அந்த வாடைதான் ஞாபகம் வந்தது. கீழே என் குடைக்கடை, மேலே வீடு, அதற்கும் மேலே இன்னொரு குடித்தனம். மதியம் சாப்பிட்டு ஒரு கண் அயர்ந்துவிட்டுக் கடை திறக்கிற சுகத்தை எவன் விடுவான்?

"ஆள் வர்ற நேரத்துக்கு ரெண்டு பெரிய பூவா வேகப் போட்டு வை. வாசப்படியிலேயே மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பிடுவான்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன்.

போட்டாள். கொதி வந்ததும் இறக்கியும் விட்டாள். "நல்ல காயைக் கூழாக்க மனசு வரலைங்க" என்றாள் நான் மேலே வந்தபோது. அதற்குள் பூவை வடிகட்டி, மைதா, அரிசி மாவு, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது எல்லாம் கெட்டியாகக் கரைத்து, முக்கிப் போட்டிருந்தாள். முதல் ஈடு எண்ணெயில் மிதந்துகொண்டிருந்தது. வாடை போன இடம் தெரியவில்லை. தெருமுனை வரைக்கும் மணம்.

அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே தரகர் படியேறினார். அவருக்குப் பின்னால் மூச்சு வாங்க ஒரு பழைய இரும்பு வியாபாரி. "முதல்ல அடுப்படியைப் பார்ப்போம்" என்றார் இரும்புக்காரர். வந்தவருக்குத் தட்டு நீட்டாமல் இருக்க என் மனைவிக்குத் தெரியாது. நீட்டினாள்.

சரி, வாடை கைவிட்டது, வாய் இருக்கிறதே என்று நான் ஆரம்பித்தேன்.

"மழை பெய்ஞ்சா இந்தச் சுவர் ஒழுகும்ங்க."

"ஒழுகட்டும்" என்றார் மென்றுகொண்டே.

"மேல் மாடிக்காரர் நேரம் காலம் இல்லாமக் கட்டிலை இழுப்பார்."

"தூக்கம் வரலை போல, பாவம்."

"குழாயைத் திறந்தா வெறும் துருதான் வரும்."

"துருவா?" அவர் முகம் மலர்ந்தது. "நம்ம சரக்காச்சே."

இரண்டாவது தட்டு வந்தது. அவர் தரகரை ஓரமாக இழுத்து, எனக்கு நன்றாகவே கேட்கும்படி ரகசியம் சொன்னார்: "குடியிருக்கிற ஆளே இத்தனை குறை சொல்றாருன்னா என்ன அர்த்தம்? இவருக்கே வீட்டு மேல கண்ணு. விலையை இறக்கி இவரே அமுக்கப் பார்க்கிறார். இன்னைக்கே முடிச்சிடணும்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. என் கடையிலும் கம்பி வளைஞ்சிருக்கு, துணி மங்கியிருக்கு என்று முகம் சுளிக்கிறவன்தான் குடையோடு போவான். பிரமாதம் என்கிறவன் வெறுங்கையோடு போவான்.

அடுப்படிக்குள் நுழைந்தேன். "அடுத்த ஈட்டுல உப்பை அள்ளிப் போடு."

"முடியாது."

"வீடு போயிடும்டி."

"போகட்டும். என் கை உப்புக் கரிச்சுதுன்னு இந்த ஆள் ஊர் பூரா சொல்லிட்டுத் திரிவார். அதுக்கு நான் நல்ல பேரோட தெருவுல நிக்கிறேன்."

"உன்கூட நானும்ல தெருவுல நிக்கணும்."

"குடைக்கடைக்காரர்தானே. விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்று ஜல்லிக்கரண்டியால் புரட்டினாள். பொன்னிறமாக, மொறுமொறுவென்று, எதிரிக்குக்கூட இப்படிப் பொரிப்பாளா என்று எனக்கு வயிறு எரிந்தது.

முன்பணம் கொடுக்க இரும்புக்காரர் பையில் கையை விட்டார். மறு கை தட்டைத் துழாவியது. தட்டு காலி. சட்டியும் காலி.

"இன்னும் ஒரு ஈடு இருந்தாத் தெம்பாப் பேசி முடிச்சிடலாம்" என்றார்.

தரகர் செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினார். திரும்பும்போது ஒரு காலிஃப்ளவரைப் பச்சைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தார். "சீக்கிரம் போடுங்கம்மா."

மனைவி பூவைப் பிரித்துப் பார்த்தாள். "புழு இருக்கும். மஞ்சளும் உப்பும் போட்டு வெந்நீர்ல ஊறணும்."

"அண்ணன் அதெல்லாம் பார்க்க மாட்டாரும்மா."

"நான் பார்ப்பேன்."

பூ ஊறியது. இரும்புக்காரருக்கு வாய் சும்மா இருந்ததால் கண் வேலை செய்ய ஆரம்பித்தது. அண்ணாந்து பார்த்தார். தட்டும் கையுமாக எழுந்துபோய்ச் சுவரைத் தட்டினார். காரை ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்து காலி தட்டில் விழுந்தது. மேலே யாரோ கட்டிலை இழுத்தார்கள்.

எனக்குள் இருந்த கடைக்காரன் அப்போதுதான் விழித்தான்.

"அருமையான வீடுங்க" என்றேன். "இப்படி ஒரு வீடு தேடினாலும் கிடைக்காது. யோசிக்காதீங்க, இன்னைக்கே முடிங்க. உங்க சாமானைக்கூட நானே ஏத்தித் தர்றேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு நேரம் திட்டின மனுஷன் இப்ப எதுக்கு என் தலையில கட்டப் பார்க்கிறார்?" என்று தரகரைக் கேட்டார். பைக்குள் மறுபடி போன கை வெறுமையாக வெளியே வந்தது. "எனக்கு வேண்டாம்பா இந்த வீடு. வேற இருந்தாச் சொல்லு."

தரகர் முகம் தொங்கிப்போனது. "அப்போ கிளம்பலாமாண்ணே?"

இரும்புக்காரர் நாற்காலியை அடுப்படி வாசலுக்கு இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"எங்க கிளம்புறது? பூ ஊறுதுல்ல."