ஒரு சக்கரம் பாக்கி

வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பதினோரு வருஷமாக அவள் பார்த்துப் பழகிய காட்சிதான். காலணி மட்டும் வேறு. புருஷனுடையது தேய்ந்த ரப்பர் செருப்பு. அவர் இப்போது கூடத்தில், பெட்டிக்குள், கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சுத்தமான நகங்களோடு படுத்திருந்தார். இந்தக் கால்களில் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ.

"சார், எடுக்கப் போறாங்க. வாங்க."

"ஒரே நிமிஷம்மா. நம்பர் தேடறேன்," என்றது வண்டி.

பழைய கார் சங்கத்தின் தலைவர் மலர்வளையத்தோடு வந்தவர். அதைப் பெட்டிமேல் சாய்த்துவிட்டு, கண்ணை மூடி ஒரு நிமிஷ மௌனத்தை முப்பது வினாடியில் முடித்து, நேராகக் கொட்டகைக்கு வந்துவிட்டார். சட்டைப்பையில் டார்ச் லைட் இருந்தது. துக்க வீட்டுக்குப் பட்டப்பகலில் டார்ச்சோடு வருகிறவர் எதையும் தற்செயலாகச் செய்வதில்லை. பஸ் டெப்போவில் புருஷனோடு வேலை பார்த்த இரண்டு பேர் கொட்டகை வாசலில் எட்டிப் பார்த்தார்கள். நீட்டிய கால்களைக் கண்டதும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வந்த வழியே போனார்கள்.

நம்பர் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். உயிரோடிருக்கும் ஆட்களில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் காரைப் புருஷன் ஒரு கோழிப்பண்ணையிலிருந்து மீட்டு வந்தார். அதற்குள் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. பித்தளை ரேடியேட்டர், உடம்புக்கு வெளியே நிற்கும் கைபிரேக், மர ஆரம் வைத்த சக்கரம். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, "இது அந்தக் கம்பெனி போட்ட முதல் வருஷ வண்டி. அடுத்த வருஷமே எல்லாத்தையும் மாத்திட்டான்," என்றார். கடைசிச் சாட்சி அடிச்சட்டத்தில் குத்திய எண். அவர் கண்ணுக்கு அது வெறும் துரு.

"ஊசியில நூல் கோக்கிற கண்ணு உனக்கு. வந்து பாரேன்."

அவள் தையல்காரி. துணியில் கோடு போடும் நீலச் சாக்குக்கட்டியைக் கொண்டுபோய்த் துருவின்மேல் தேய்த்தாள். விரலால் துடைத்ததும் மேடெல்லாம் சுத்தமாகி, பள்ளத்தில் மட்டும் நீலம் தங்கியது. இரண்டே இலக்கம். நாற்பத்தொன்று. முதல் வருஷத்தின் நாற்பத்தொன்றாவது வண்டி. அவர் அவள் பக்கத்தில் மல்லாந்தபடி எண்ணை விரலால் இரண்டுமுறை தடவிப் பார்த்தார்.

"யாருக்கும் சொல்லாத."

"ஏன்?"

"தெரிஞ்சா என்னை வெட்ட விடமாட்டானுங்க."

மறுநாள் அந்த எண்ணின்மேல் ஓர் இரும்புத் தகடு வெல்டிங் ஆகியிருந்தது. அதன்பிறகு வெட்டினார். கூரையை நாலு அங்குலம் இறக்கினார். இருமிக்கொண்டிருந்த பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை உட்காரவைத்தார். கம்பியில் இழுக்கும் பிரேக்கை எறிந்துவிட்டு ஆயில் பிரேக் வைத்தார். பழைய உடம்பு, புது நெஞ்சு. இதற்கு ஹாட் ராட் என்று பெயராம். சங்கத்தார் இதைக் கொலை என்றார்கள். முப்பத்திரண்டு வருஷம் நாற்பது வேகத்துக்குமேல் ஓடாத பஸ்களையே பழுதுபார்த்த மனுஷன் அவர். "துலக்கித் துலக்கி வெயில்ல வைக்கிறதுக்குப் பேரு காரா? அது பாத்திரம்," என்பார். தலைவருக்குப் 'பித்தளை' என்று பட்டப்பெயரும் வைத்திருந்தார்.

சீட்டு இரண்டையும் தைத்தவள் அவள். கருஞ்சிவப்புத் தோல். ஏழுமுறை அளவெடுத்தார், தங்கள் கல்யாணத்துக்கு அவள் சட்டை தைத்தபோது ஒருமுறைகூட நின்று அளவு கொடுக்கவில்லை.

"சார்," என்று மறுபடி கூப்பிடக் குனிந்தாள். இறக்கிய கூரை என்பதால் குனிந்தால் நேராக வண்டிக்குள்தான் பார்வை போகும்.

ஓட்டுநர் சீட்டுக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவே ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுத்து நின்றது. அதில் அங்குலக் கோடுகள் இருந்தன.

அவளுடைய மரஸ்கேல். நாலு நாளாகத் தேடிக்கொண்டிருந்தாள். "பாத்தீங்களா?" என்று கேட்டதற்கு, "நான் என்ன பாவாடையா தைக்கிறேன்," என்று சோற்றைப் பார்த்தபடி சொன்னார். இருபத்துமூன்றாவது அங்குலத்தில் அறுத்திருந்தார். நேராக அறுத்திருந்தார், அதில் குறை சொல்ல முடியாது.

சீட்டின் முன்விளிம்பில், ஸ்கேலின் முனை அழுத்திய இடத்தில், தோலில் ஒரு சின்னப் பள்ளம். பக்கத்தில் இன்னொன்று. அதன்மேல் பாதி ஏறினாற்போல் இன்னொன்று. எண்ண ஆரம்பித்தாள். பதினேழில் நிறுத்தினாள். நிறுத்திய இடத்தில் பள்ளங்கள் தீரவில்லை.

ஆயில் பிரேக்கில் சேரும் காற்றை எடுப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து, காற்றும் ஆயிலும் வந்தபிறகு மூட வேண்டும். மூடும்வரை கால் எடுக்கக்கூடாது. பிறகு மறுபடி. ஒவ்வொரு சக்கரத்துக்கும் இப்படிப் பலமுறை.

"கொஞ்சம் வந்து மிதியேன்," என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை கேட்டார்.

"இடுப்பு வலிக்குது," என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்.

இடுப்பு நன்றாகத்தான் இருந்தது. குனியக்கூடாது, தூக்கக்கூடாது, தரையில் படுத்து எழுந்திருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது அவருக்கு. வண்டியில் பாக்கி இருந்தது பிரேக் மட்டும். பிரேக் முடியாவிட்டால் வண்டி போகாது. வண்டி போகாவிட்டால் மனுஷர் சலித்துப்போய் நாற்காலியில் உட்காருவார். இது அவள் போட்ட திட்டம். இடுப்புவலியோடு அந்த மூன்று ஞாயிறும் இருபது பள்ளிச் சீருடை தைத்து முடித்தாள். மிஷின் சத்தம் கொட்டகைக்கு நன்றாகக் கேட்கும்.

மனுஷர் நாற்காலியில் உட்காரவில்லை. ஸ்கேலை அறுத்தார். மிதித்து, முட்டுக் கொடுத்து, இறங்கி, படுத்து, திறந்து, மூடி, எழுந்து, ஏறி, மறுபடி மிதித்தார். நேற்றுக் காலை முன்சக்கரத்தருகே கையில் ஸ்பேனரோடு கிடந்தார். நெஞ்சு என்றார் டாக்டர். வயசு என்றார்கள் வந்தவர்கள். அவளும் எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

தலைவர் தவழ்ந்து வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "ஒரு தகடு தடுக்குதும்மா," என்றார்.

கூடத்தில் அவர் பேசவும் பேசினார். யாரும் அழைக்கவில்லை, அழைப்புக்குக் காத்திருந்தால் தலைவராக முடியாது. மறைந்தவர் காலத்தின் காவலர், இயந்திர யுகத்தின் தவப்புதல்வர் என்றார். மூன்றாவது நிமிஷத்தில் மறைந்தவர் மறைந்து, சங்கத்தின் நாற்பதாண்டுச் சாதனை வந்துவிட்டது. பெட்டியைத் தூக்க நின்ற நாலு பேர் கால் மாற்றி நின்றார்கள். புருஷனின் நண்பனான வெல்டர் மட்டும், "சார், வெளிய வண்டி எஞ்சின் ஓடிட்டே நிக்குது. அவருக்கு அது பிடிக்காது," என்றான். பெட்டி கிளம்பியது.

திரும்பி வந்து, குளித்து, ஆளுக்கொரு டம்ளர் டீயோடு உட்கார்ந்தபோது தலைவர் இன்னும் இருந்தார். மகனும் அவரும் மேஜையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மகனுக்கு 'மூத்த' என்று தொடங்கும் பதவி. மீதியை வீட்டில் யாராலும் முழுசாகச் சொல்ல முடிந்ததில்லை.

"அம்மா, சார் நல்ல யோசனை சொல்றாரு. அந்த நம்பர் மட்டும் கிடைச்சா, வண்டியை சங்கமே எடுத்துப் பழையபடி ஆக்கிடுவாங்களாம். அப்பா பேர்ல காட்சிக்கு வைப்பாங்க."

"பித்தளைத் தகட்டுல பேர் பொறிச்சு," என்றார் தலைவர். "உபயம் சங்கம்னு கீழ சின்னதா."

"உனக்கும் நிம்மதிம்மா. தெனம் அதைப் பாத்துட்டு எப்படி இருப்ப?"

மகன் தெரியாமல் கேட்டான். ஆனால் சரியான இடத்தில் கேட்டான். அந்த எண்ணைச் சொன்னால் போதும். நாளைக்கே இழுவை வண்டி வரும். கூரை ஏறும், எஞ்சின் இறங்கும், சிவப்புச் சீட்டு முதலில் போகும். பள்ளங்களோடு போகும். கொட்டகை காலியாகும். கட்டில் போட்டு வாடகைக்குக்கூட விடலாம்.

"அங்க நம்பர் இருக்கறதா அவர் எப்பவாவது சொன்னாரா?" என்றார் தலைவர்.

அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண் நாக்குவரை வந்திருந்தது.

"நீங்க கவலையே படாதீங்கம்மா. பாவம், விஷயம் தெரியாம செஞ்சுட்டாரு. அவர் செஞ்ச தப்பையெல்லாம் நாங்க ஒவ்வொண்ணா அழிச்சுக் குடுத்துடறோம்."

டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நம்பர் இல்ல சார்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நான்தான் பாத்தேன். துரு தின்னுடுச்சு."

"அந்தத் தகட்டை எடுத்துப் பாத்தா..."

"தகட்டை எடுத்தா ஸ்டியரிங் கழண்டு வந்துடும். வெறும் இரும்பு சார் அது. கோழிப்பண்ணையில கிடந்தது."

தலைவரின் துக்கம் அதோடு முடிந்தது. எழுந்து கைகூப்பினார். மகன் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, அங்கேயே நின்று மன்னிப்புக் கேட்கும் குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

வெயில் சாயும்போது அவள் கொட்டகைக்குப் போனாள். வெல்டர் கருவிகளைத் துடைத்து அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"எது பாக்கி தம்பி?"

அவன் புரியாததுபோல் பார்த்தான். பிறகு புரிந்தது. "மூணு முடிச்சிருக்காரு அண்ணி. டிரைவர் பக்கம் முன்னாடி மட்டும்தான்."

"உன்னைக் கூப்பிடலையா அவரு?"

"நானே வரேன்னேன்." துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தான். "உன் கால் லாரி மிதிக்கிற கால்டா, அவ தையல் மிஷின் மிதிக்கிறவ, ஒரே அளவா பிடிப்பா, வருவா இருன்னாரு."

அவள் கூரை இடிக்காமல் தலையைச் சாய்த்து ஏறி உட்கார்ந்தாள். ஸ்கேலை உருவிப் பக்கத்துச் சீட்டில் வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைப் பெடலில் வைத்தாள். சில்லென்றிருந்தது.

"படு," என்றாள்.

வெல்டர் கொஞ்சம் நின்றான். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சக்கரத்தடியில் படுத்தான்.

"மிதிங்க. இன்னொரு தடவை. இப்ப பிடிங்க."

"பிடிச்சிருக்கேன்."

திருகு திறந்ததும் பெடல் காலடியில் மெல்ல இறங்கியது. "காத்து வருது," என்றது குரல். மூடினான். மறுபடி மிதித்தாள். மறுபடி காற்று. ஐந்தாவது முறை குமிழி குறைந்தது. எட்டாவது முறை பெடல் கல்லைப்போல் நின்றது.

"வெறும் ஆயில்தான். முடிஞ்சுது அண்ணி. காலை எடுக்கலாம்."

அவன் எழுந்து கையைத் துடைத்தான். ஸ்பேனரை அதன் இடத்தில் வைத்தான். கொட்டகை இருட்டத் தொடங்கியிருந்தது. வண்டிக்குப் பின்னால், சுவரில், பெடலில் கால் இருக்கும்வரை எரியும் இரண்டு பிரேக் விளக்குகளின் சிவப்பு அப்படியே விழுந்துகிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு விளக்கு ஸ்விட்ச் பக்கம் போகாமல், கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வெளியே போனான்.