இருநூற்றுப் பதினேழாவது வெட்டு

பொக்யோங் செய்யும் வேலை ஒழுங்காக நடந்தால் ஒருவர் கண்ணிலும் படாது. தொலைக்காட்சி நிறுவனங்கள் நிறைந்த சங்காம்தோங்கில் ஏழாவது மாடியில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, எடிட்டர் ஹ்யேரான் வெட்டி முடித்த நிகழ்ச்சியின் எடிட் பட்டியலைக் கணினியில் ஏற்றுவாள். எந்தக் கோப்பு, எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை என்று வெறும் எண்கள்தான் அதில் இருக்கும். மென்பொருள் அந்த எண்களைப் படித்து, அசல் படங்களை வரிசையாக உட்கார வைத்துவிடும். அதற்கு நல்லது கெட்டது தெரியாது.

அன்று மதியம், வெட்டு என்று அவர்கள் சொல்லும் காட்சித் துண்டுகள் நானூற்றுப் பன்னிரண்டில் இருநூற்றுப் பதினேழாவது மட்டும் அசல் கிடைக்காமல் திரையில் சிவப்பாக நின்றது. நாலு மணிக்குள் நிகழ்ச்சி தொலைக்காட்சிக்குப் போயாக வேண்டும்.

அடுக்குமாடிக் காவலாளி நாம் கிசொக் தலையாட்டும் இடம் அது. தீப்பிடித்து இரண்டு பேர் செத்த அன்று அபாய மணியை அணைத்தது நீங்கள்தானா என்று நிருபர் கேட்க, கிழவர் ஆமாம் என்று தலையாட்டுகிறார். மொத்த நிகழ்ச்சியும் அதை நம்பித்தான் நிற்கிறது.

கேள்வி பதிவான நேரம் பதினொன்று இருபது. பட்டியலில் தலையாட்டலின் நேரமோ ஒன்பது நாற்பத்தொன்று. தட்டச்சுப் பிழை என்றுதான் பொக்யோங் நினைத்தாள். ஆனால் அது பேட்டிக்கு முன் எடுத்த சோதனைப் பதிவின் நேரம்; அதன் அசலை யாரும் அவள் கணினிக்கு நகலெடுத்திருக்கவில்லை. அதைத் தேடிப் பிடித்து ஓட்டினாள். ஒலிப்பதிவுக்காரர் கிழவரின் சட்டையில் மைக்கை மாட்டிக்கொண்டே, சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார். கிழவர் தலையாட்டுகிறார்.

பதினொன்று இருபதையும் ஓட்டினாள். அங்கே நிருபரின் கேள்விக்குக் கிழவர், "நான் அணைக்கலங்க. நான் வேலைக்கு வந்தப்பவே அது அணைஞ்சுதான் கெடந்துச்சு" என்கிறார்.

ஹ்யேரானுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அந்தத் தலையாட்டல் வேற கேள்விக்கு."

"தெரியும்."

"அவரு இல்லன்னு சொல்லியிருக்காரே."

"எல்லாருந்தான் இல்லம்பாங்க. பட்டியல்ல இருக்கறத உக்கார வைடி. நீ என்ன போலீசா?"

தயாரிப்பாளர் பார்த்து மெச்சிய இடமாம் அது. மாற்றினால் அவர்கள் இரண்டு பேர் வேலையும் போய்விடுமாம். போகிற போக்கில் ஹ்யேரான் இன்னொரு வேலையையும் பொக்யோங்கின் தலையில் கட்டினாள். கிழவரின் முகத்தைக் கட்டங்கட்டமாகக் கலைக்கும் மொசைக் போட்டு மறைக்க வேண்டுமா என்று சம்மதப் படிவத்தில் குறிக்க விட்டுப்போயிற்று, நீயே கேட்டுக்கொள் என்று அவர் போன் எண்ணைக் கொடுத்துவிட்டு இணைப்பைத் துண்டித்தாள்.

பொக்யோங் தலையாட்டலை அதன் இடத்தில் வைத்தாள். சிவப்பு மறைந்தது. பிறகு கிழவரை அழைத்தாள்.

"எதுக்கும்மா மறைக்கணும்? மறைச்சா நாந்தான் செஞ்சேன்னு ஆயிடாதா? நான் செய்யலன்னு சொன்னேன்ல, அதச் சொன்ன மூஞ்சி தெரியட்டும். எம் மகளும் பாக்கறேன்னிருக்கா."

சரிங்க ஐயா என்று வைத்துவிட்டாள். அவர் இல்லை என்று சொன்ன கோப்பு பக்கத்துத் திரையில் திறந்தே கிடந்தது. எடுத்துப் போட ஒரு நிமிடம் ஆகாது. கை அந்தப் பக்கம் போகவில்லை. அவள்மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மூன்று ஐம்பதுக்கு, பார்க்கிறவர்களுக்கு அவரை அடையாளமாவது தெரியாமல் இருக்கட்டும் என்று, அவர் வேண்டாம் என்ற மொசைக்கை அவர் முகத்தின்மேல் போட்டாள். அவ்வளவு தைரியம்தான் அவளிடம் இருந்தது. ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். முகம் தெரியவில்லை. தலை ஆடுவது நன்றாகவே தெரிந்தது.