மடி கேட்கப் போன நாள்

நல்ல காரியத்துக்குப் போகிற அன்று ஸெய்தோ வாயைத் திறக்கமாட்டார். திறந்தால் காரியம் பறந்துவிடும் என்று அவருக்கு ஒரு பயம். அன்றைக்கும் சமவெளியிலிருந்து மலைமேல் இருக்கிற மார்தின் நகரத்துக்கு ஏறுகிற சாலை முழுக்க அவர் ஸ்டீயரிங்கைத் தவிர எதனிடமும் பேசவில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரும் கோட்டைப் போட்டிருந்தார். செப்டம்பர் வெயிலில் அது அவரை வேகவைத்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் மகள் ஸோஸான், பக்லவா இனிப்புத் தட்டை மடியில் பிடித்தபடி. முறைப்படி அவள் அம்மா வந்திருக்க வேண்டும். ஆனால் மார்தின் படிக்கட்டு என்றாலே அம்மாவின் முழங்கால் அழ ஆரம்பித்துவிடும். அதுவுமில்லாமல், வீட்டில் கடைக்குட்டி சீபானைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

போகிற வீடு ஜெமீல் வீடு. மேல் பஜாரில் சர்க்கரைப் பாதாமும் வறுகடலையும் விற்கிறவர். ஸெய்தோ நிலத்தில் விளைகிற கடலை காலங்காலமாக அவர் கடைக்குத்தான் போகிறது. இவர்கள் சமவெளிக் குர்துகள், அவர்கள் மலைமேல் அரபி பேசுகிறவர்கள். திட்டிக்கொள்ளும்போது மட்டும் இரண்டு பேரும் துருக்கி மொழியில் திட்டிக்கொள்வார்கள். அப்போதுதான் இரண்டு பேருக்கும் புரியும். ஸெய்தோவுக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்தபோது, சொந்தத் தம்பிமார் போனில் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். ஜெமீல்தான் கடையை மூடிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார்.

ஸோஸானுக்கு அந்த வீட்டில் வேறு கணக்கு இருந்தது. அவள் புது நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். ஜெமீலின் மகன் இல்யாஸ் அதே தெருவில் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு வருஷமாக ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். "அப்பாகிட்டச் சொல்றேன்" என்று இல்யாஸும் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பரீட்சை முடியட்டும், ரமலான் போகட்டும், அப்பாவுக்குப் பல்வலி குறையட்டும்... தள்ளிப்போடுவதற்குக் காரணமா கிடைக்காது? எது எப்படியோ, இரண்டு குடும்பமும் பக்லவாவோடு நெருங்குவது நல்லதுதானே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு ஏறினார்கள். எதிரே குப்பை மூட்டைகளோடு முனிசிபாலிட்டிக் கழுதை ஒன்று இறங்கிவந்தது. அதைப் படம் பிடிக்க இஸ்தான்புல்காரி ஒருத்தி வழியை மறித்து நின்றாள். கழுதை பொறுமையாக நின்றது, ஸெய்தோவுக்குத்தான் பொறுமை இல்லை. வீடுகளுக்கு அடியில் சுரங்கம்போல் போகிற வளைவுப் பாதையில் நிழல் வந்ததும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். அங்கேதான் அவருக்கு வாய்ப்பூட்டு கழன்றது.

"சொல்லிடறேன் தாயி, நெஞ்சுல வெச்சுக்க முடியல. ஜெமீல் அண்ணனை நம்ம சீபானுக்குக் கிரீவ் ஆகச் சொல்லிக் கேக்கப்போறேன்."

ஸோஸான் கையில் தட்டு சாய்ந்தது.

"பாத்துப் பிடி, பாகு வழியுது. வீட்ல வெச்சு ஏன் சொல்லலன்னா, அந்தப் பய காதுல 'சுன்னத்'னு விழுந்தா மல்பெரி மரத்துல ஏறிக்குவான். அப்புறம் தீயணைப்பு வண்டிதான் வந்து இறக்கணும்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். "அண்ணனுக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்ல. இதுவரைக்கும் ஒருத்தனும் அவரை இப்படிக் கேட்டதில்லையாம். எனக்காக ராப்பகலா உக்காந்திருந்த மனுஷன். வேற எதைக் குடுத்து நான் ஈடுகட்ட?"

கிரீவ் என்பவர் சுன்னத்தின்போது பையனைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்கிறவர். அந்த மடியில் ஒரு சொட்டு விழுந்துவிட்டால் இரண்டு குடும்பமும் ஒரே இரத்தம். நல்லதுக்கும் கெட்டதுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார்கள். ஆனால் அதன்பிறகு இந்த வீட்டுப் பெண்ணுக்கு அந்த வீட்டுப் பையன் அண்ணன். பேரப்பிள்ளைகள் காலம்வரை கொள்வினை கொடுப்பினை கிடையாது. அதனால்தான், எப்படியும் சம்பந்தம் வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று நினைக்கிற இடத்தில்தான் கிரீவ் தேடுவார்கள். குர்து வீட்டுக்காரர் அரபி வீட்டுக்காரரைக் கேட்பதில் ஸெய்தோவுக்கு ஒரு தவறும் தெரியவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இன்னொன்றும் உண்டு. கேட்டால் மறுக்கக்கூடாது. மறுப்பது கேட்டவன் முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். ஆக, அப்பா அந்த வார்த்தையைச் சொல்லி முடித்த நிமிஷம் எல்லாம் முடிந்தது.

"அப்பா..." என்றாள் ஸோஸான்.

"என்ன?"

அப்பாவிடம் விதை விலை பேசலாம், அரசியல் பேசலாம், மாத்திரை விழுங்காததற்குத் திட்டலாம். ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். இல்யாஸ் பேசுவான், அவன் ஆம்பிளை, சொன்னால் ஒரு திட்டோடு போய்விடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, மெதுவா ஏறுங்க" என்றாள்.

ஜெமீல் வாசலிலேயே நின்றிருந்தார். புதிதாகச் சவரம் செய்த முகம், தாடையில் ஒரு வெட்டு. ஸெய்தோவைக் கட்டிப்பிடித்து, "என்னய்யா, படி ஏறுனியா, படி உன்மேல ஏறுச்சா?" என்று கேட்டார். அவர் மனைவி ஷெம்ஸே ஸோஸானின் கன்னத்தில் முத்தமிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டாள். "அடுப்படியில தட்டு எடுத்து வை கண்ணு, நான் மொட்டைமாடியில காயப்போட்ட துணிய எடுத்துட்டு வந்துடறேன்" என்று ஏறிப்போனாள்.

அடுப்படியில் இல்யாஸ் கசப்புக் காப்பியைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சிரித்தான். அழகாகச் சிரிப்பான், அதில் குறையே சொல்ல முடியாது.

"எதுக்கு வந்திருக்கோம்னு தெரியுமா உனக்கு?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

சிரிப்பு போயிற்று. "தெரியும்."

"தெரியுமா?"

"பஜார் டீக்கடைக்காரர் போன வாரமே வந்து அப்பா காதுல போட்டுட்டாரு. முன்னாடியே சொல்லி அனுப்பறதுதானே வழக்கம். உங்கப்பாதான் சொல்லி அனுப்பியிருக்காரு."

போன வாரம் என்றால், செவ்வாய்க்கிழமை இருவரும் மருந்துக்கடைக்குப் பின்னால் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று அவன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரைப் போல நடித்துக் காட்டி அவளை வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தான்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அப்பா சின்னப் பிள்ளையாட்டம் ஆயிட்டாரு, ஸோஸான். உன் தம்பிக்குச் சட்டை, தொப்பி, தோள்ல போடற பட்டை எல்லாம் வாங்கிட்டு வந்து கட்டிலுக்கடியில ஒளிச்சு வெச்சிருக்காரு. அதுல போய் மண்ணள்ளிப் போடவா?"

"அப்ப நம்ம கதை?"

அவன் காப்பியைக் கிண்டினான். "நீ சொல்லேன். உங்கப்பா உன் பேச்சைக் கேப்பாருல்ல?"

"நான் பொண்ணு, இல்யாஸ். அடுத்த வீட்டுல உக்காந்துகிட்டு நான் வாயைத் திறந்தா, எங்கப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டுத்தான் இந்தப் படி இறங்கணும். நீ சொன்னா ஒரு திட்டு, அவ்வளவுதான். சொல்லுவியா மாட்டியா? அதை மட்டும் சொல்லு."

"சமயம் பாத்துச் சொல்றேன்."

மாடிப்படியில் ஷெம்ஸேயின் செருப்புச் சத்தம் கேட்டது. காப்பி பொங்கியது.

கூடத்தில் பெரியவர்கள் மெத்தையில் உட்கார்ந்து மழையையும் விலையையும் பேசித் தீர்த்திருந்தார்கள். சன்னலுக்குக் கீழே சமவெளி சிரியா எல்லைவரை வெளிறிக் கிடந்தது. இல்யாஸ் ஒரே கிண்ணத்தில் ஆளுக்கு ஒரு மிடறாகக் காப்பி ஊற்றிக்கொடுத்துக்கொண்டே வந்தான். ஸெய்தோ குடித்தார், கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார், தொண்டையைச் செருமினார். பிறகு முன்னால் நகர்ந்து ஜெமீலின் முழங்காலில் கையை வைத்தார்.

எல்லாருக்கும் தெரிந்த அசைவு அது. ஷெம்ஸே முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். ஜெமீலின் கண் அப்போதே கலங்கிவிட்டது.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்திருக்கேன்..."

ஸோஸான் இல்யாஸைப் பார்த்தாள். இல்யாஸ் காப்பிச் செம்பின் மூக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். பளபளவென்றிருந்த மூக்கை மறுபடியும் துடைத்தான்.

"நம்ம சீபானை..."

"அப்பா, கேக்காதீங்க."

ஸோஸானின் காது இரண்டும் நெருப்பாக எரிந்தன. "சீபானுக்கு வேற மடி பாருங்கப்பா. இந்த வீட்டோட... நமக்கு வேற பேச்சு இருக்கு."

ஷெம்ஸேவுக்குத்தான் முதலில் புரிந்தது. ஸோஸானைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், மெதுவாக உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஸெய்தோ முழங்காலில் வைத்த கையை எடுக்கவும் தெரியாமல் வைத்திருக்கவும் தெரியாமல் தவித்தார். ஜெமீல்தான் அந்தக் கைமேல் தன் கையை வைத்தார். பெரிய மனுஷன் என்றால் அவர்தான் பெரிய மனுஷன்.

"ஸெய்தோ, எனக்கு ஒரு காது மந்தம், உனக்கே தெரியும். நீ என்ன சொல்ல வந்தியோ, எனக்கு ஒண்ணும் விழல. பொண்ணு சொன்னது மட்டும் நல்லா விழுந்துச்சு." பிறகு மகனிடம் திரும்பினார். "என்னடா, நெசமா?"

"நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படிப்பா."

"உன்னை நான் கேக்கறேன்."

இல்யாஸ் செம்பைக் கீழே வைத்தான். "எனக்கு ஆட்சேபணை இல்லப்பா."

பிறகு நடந்ததெல்லாம் மரியாதையாகவே நடந்தது. பக்லவாவைப் பரிமாறினார்கள். வெள்ளிக்கிழமை அவர்கள் கீழே வந்து முறையாகப் பெண் கேட்பதென்று பேச்சு வந்தது. ஜெமீல் சிரித்துத்தான் வழியனுப்பினார். ஆனால் ஸோஸான் செருப்பு மாட்டக் குனிந்தபோது, உள்ளறையில் அவர் கட்டிலுக்கடியில் துருத்திக்கொண்டிருந்த அட்டைப்பெட்டியைக் காலால் உள்ளே தள்ளுவது தெரிந்தது.

வளைவுப் பாதைக்கு வந்ததும் ஸெய்தோ அவளைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, என் மானத்தை வாங்கணும்னே வந்தியா? இதே எடத்துல நின்னுதானே சொன்னேன். 'அப்பா'ன்னு ஆரம்பிச்சல்ல? முடிக்க வேண்டியதுதானே?"

"வாய் வரலப்பா."

"அங்க மட்டும் எப்படி வந்துச்சாம்?" கோட்டைக் கழற்றித் தோளில் போட்டார். ஆத்திரமெல்லாம் அந்தக் கோட்டோடு இறங்கியதுபோல் குரல் தணிந்தது. "சரி, போகுது. பையன் நல்லவன்தான். சிகரெட்டுகூடக் கிடையாது. வாத்தியார் வேலை. உங்கம்மாவை நான்தான் பாத்துச் சம்மதிக்கவெக்கணும், அரபிக்காரங்க வீடான்னு ரெண்டு நாள் சமைக்கமாட்டா. வெள்ளிக்கிழமை வரட்டும். சந்தோஷம்தானே உனக்கு?"

சந்தோஷப்பட வேண்டியவள்தான். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவள் மனதில் 'ஆட்சேபணை இல்ல' என்கிற வார்த்தைதான் கிடந்து உறுத்தியது. பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெள்ளையடிக்கலாமா என்று கேட்டால் சொல்கிற பதில் அது. தன் வாழ்க்கையில் இனி எத்தனை கூடங்களில் இப்படி உட்கார வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு கூடத்திலும் அவள் வாயைத் திறக்க வேண்டும், அவன் செம்பைத் துடைத்துக்கொண்டிருப்பான். அவன்மேல் ஆசை இல்லாமல் போகவில்லை, அதுதான் வேதனை. அதனாலேயே இந்தச் சமயத்தை விட்டால் அப்புறம் அவனைவிட்டு விலகத் தன்னால் முடியாது என்றும் தெரிந்தது.

"அப்பா, திரும்பிப் போவோம்."

"எதையாச்சும் விட்டுட்டியா?"

"நீங்க கேக்க வந்ததைக் கேளுங்க."

ஸெய்தோ சுவரில் சாய்ந்துகொண்டார். மகள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முன்னெப்போதும் இவ்வளவு நேரம் பார்த்திருப்பாரா தெரியாது. "விளையாட்டு இல்லம்மா. கேட்டுட்டேன்னா அப்புறம் அழுதாலும் மாறாது. இந்த ஊரே கூடி வந்தாலும் மாறாது."

"மாறக்கூடாதுன்னுதான் சொல்றேன்."

அவர் காரணம் கேட்கவில்லை. கோட்டை மறுபடி மாட்டினார். ஒரு கை சரியாக நுழையவில்லை, அவள் பிடித்து மாட்டிவிட்டாள்.

இரண்டாம் முறை ஏறி வந்தவர்களைப் பார்த்து ஜெமீல் பதறினார். ஸெய்தோ உட்காரக்கூட இல்லை. "அண்ணே, மந்தம் இல்லாத காதைக் காட்டுங்க" என்று சொல்லி, நின்றபடியே கேட்டுவிட்டார், "என் மகனை உங்க மடியில வெக்கணும்." ஜெமீல் ஸோஸானைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். "என் தலைமேல, என் கண்மேல வெச்சுக்கறேன்" என்று அவர் சொல்லும்போதே குரல் உடைந்தது. இரண்டு கிழவர்களும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அட்டைப்பெட்டி வெளியே வந்தது. "மாமான்னு இனிமே கூப்பிடாதே, பெரியப்பான்னு கூப்பிடணும்" என்று ஜெமீல் அவள் தலையில் கைவைத்துச் சொன்னார்.

ஷெம்ஸே மட்டும் அவள் மணிக்கட்டைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துவந்தாள். ஏன் என்று கேட்கத்தான் இழுத்துவந்திருப்பாள். ஆனால் கேட்கவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? கையை ஒருமுறை அழுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்போதுதான் இல்யாஸ் வந்தான். முகம் வெளுத்திருந்தது. உண்மையாகவே நொந்துபோயிருந்தான், அதில் பொய் இல்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஸோஸான்?"

"கேட்டேனே" என்றாள் அவள். "அடுப்படியில."

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் நின்றாள். உண்மையாகவே காத்துக்கொண்டுதான் நின்றாள். உள்ளேயிருந்து ஜெமீல், "இல்யாஸ், தங்கச்சிக்குக் காப்பி குடுடா" என்று கூப்பிட்டார். "இதோ வரேம்ப்பா" என்று அவன் போனான்.