தவமலருக்கு எள்ளும் தண்ணீரும்

...அலறுகிறதே, எடுக்காமலும் இருக்க முடியாது, வலது கை விரலில் தர்ப்பைப் பவித்ரம், உள்ளங்கை முழுக்க எள், இடது கைச் சுண்டுவிரலால் சூரி போனை ஒரு குத்துக் குத்தினான், ஸ்பீக்கரும் சேர்ந்து உயிர் பெற்றுவிட்டது. "என்னப்பா சூர்யநாராயணா, தெற்கே பார்த்துதானே உட்கார்ந்திருக்கே? பாதியிலே கட்டாயிடுத்து. நான் இன்னும் பெருங்களத்தூரைத் தாண்டலே." வாத்தியாரின் குரலோடு ஜி.எஸ்.டி. ரோடு ஹாரன்களும் சேலையூர் வீட்டுக் கூடத்துக்குள் வந்துவிட்டன. மகாளய அமாவாசை, வாத்தியாருக்குச் சிட்லப்பாக்கத்திலிருந்து வண்டலூர் வரை வீடுகள், அதனால் சூரிக்குப் போனிலேயே தர்ப்பணம்... அப்பா யக்ஞநாராயணன் போய் ஒரு வருஷமாகி, வருஷாப்திகமும் முடிந்து வரும் முதல் மகாளயம், அப்பாவுக்குத் தண்ணீர் விடும்போதுகூடப் பதினொரு மணி ஆபீஸ் மீட்டிங்தான் மனசில் ஓடியது. அப்படியானால் நான் என்ன பிள்ளை?

"இப்போ காருண்யம்," என்றார் வாத்தியார். குலத்தில் சேராதவர்கள், சிநேகிதர், குரு, யாருமில்லாதவர்கள், அவர்களுக்கெல்லாம் இரக்கப்பட்டு விடுகிற தண்ணீர். "இதிலே உங்கப்பா வருஷா வருஷம் ஒரு பேர் சொல்வார். தவமலர்னு ஒரு ஸ்திரீ. கோத்திரம் தெரியாது, காச்யபம்னு வெச்சுப்போம். யாருன்னு நான் கேட்டதில்லே. நீயும் சொல்லிடறயா?" சமையலறையில் வாழைக்காய் நறுக்கும் சத்தம் நின்றது. ஸ்பீக்கரை அணைக்கக் கையை நீட்டினான், நீட்டி என்ன பிரயோஜனம், அம்மா காதில் விழுந்தாகிவிட்டது.

தவமலர்... நம் பக்கத்துப் பெயரே இல்லை, அத்தை, சித்தி, ஒன்றுவிட்ட அக்கா, யாருக்கும் இல்லை, ஓ, அதனால்தான் அப்பா இந்த ஒரு நாள் மட்டும் வாத்தியார் வீட்டுக்கே போய்த் தர்ப்பணம் பண்ணினாரா, கேட்டால் "வீட்டுல தரையெல்லாம் எள்ளு ஒட்டும்டா" என்பாரே, எவ்வளவு சாமர்த்தியமான பொய், அதுவும் எள்ளை நானே பெருக்குகிறேன் என்று அம்மா சொன்ன பிறகும். தாம்பரம் விமானப்படை நிலையத்தில் கிளார்க், அமைதிப்படையோடு யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் போனார், எண்பத்தேழு, திரும்பி வந்தது தொண்ணூறு, அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அரிசி மூட்டைக்குக் கையெழுத்துப் போட்டேன் என்பார், அதோடு சரி. ஆனால் அவனுடைய ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "வடிவா எழுதியிருக்கான்" என்று ஒருநாள் சொல்லிவிட்டார், வடிவா என்று இங்கே யார் சொல்கிறார்கள், அம்மா உடனே "அந்த ஊர்ப் பேச்சு இங்க வேண்டாம்" என்றாள். இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், டி.வி.யில் சண்டை முடிந்தது என்று ஓடிக்கொண்டிருந்தது, அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு மொட்டைமாடிக்குப் போனவர் இருட்டும்வரை இறங்கவில்லை... எல்லாம் கண்ணெதிரேதான் நடந்திருக்கிறது, ஒன்றைக்கூடச் சேர்த்துப் பார்க்கவில்லையே.

சேர்த்துப் பார்த்தபோது கோபம்தான் வந்தது. நான் பிறந்தது எண்பத்தொன்பது. லீவில் வந்து போயிருப்பார். இங்கே குவார்ட்டர்ஸில் அம்மா வயிற்றில் என்னைச் சுமந்துகொண்டு தனியாகத் தண்ணீர் லாரிக்குக் குடம் தூக்கியிருக்கிறாள், அங்கே அவருக்கு ஒரு தவமலர். பிரசவத்தைப் பற்றி அம்மா ஒருநாளும் பேசியதில்லை, ஊரில் எல்லா அம்மாக்களும் அதைத்தான் ஆயிரம் தடவை சொல்லிக்காட்டுவார்கள், இவள் மட்டும் வாயே திறக்கவில்லை, இந்தக் கசப்புதான் காரணமா? இப்போது அந்தப் பெயரை நான் உரக்கச் சொல்ல வேண்டுமாம், அம்மா கேட்க, அவள் வீட்டுத் தாம்பாளத்திலேயே. சொல்லாவிட்டால்? அப்பா ஒரு வருஷமும் விடாமல் செய்த ஒன்று இன்றோடு நின்றுபோகும், செத்தவளுக்கு வேறு யார் இருக்கிறார்களோ... இருக்கட்டும், உயிரோடிருப்பவள் உள்ளே நிற்கிறாள்.

"லைன்ல இருக்கியா? அடுத்த ஆத்துல காத்துண்டிருக்கா. அப்புறம் என் மேல பாயப்போறா."

"வேண்டாம் மாமா. அந்தப் பேரை விட்டுடலாம்."

சொல்லியாகிவிட்டது. அப்பா பக்கம் இல்லாமல் அம்மா பக்கம் நின்றாயிற்று, இது சரிதானே, சரியென்றால் கையில் எள் ஏன் இப்படிக் கனக்கிறது... அம்மா அபிதகுஜாம்பாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், முட்டிவலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு தாம்பாளத்துக்கு எதிரே உட்கார்ந்தாள், அழவில்லை, போனைப் பார்த்து, "வாத்தியாரே, ஒரு நிமிஷம்" என்றாள். "சொல்லுங்கோ மாமி," என்றது போன். அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண், மூக்கு, தாடை என்று ஒவ்வொன்றாக, வேறு யாரையோ தேடுவது போல. இவள் கோபப்படவே இல்லையே, ஏன்? பிறகு சொம்பை எடுத்து அவன் இடது கைப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"காருண்யத்துல வேண்டாம்டா சூரி... உன்னைப் பெத்தவளை மாதான்னு சொல்லித்தான் தண்ணி விடணும்."